உடையார்கட்டில் ஜூமு

கட்டுநாயக்காவில் அவளுடைய பெட்டியைத் திறந்து
காய்ந்த தழை ஒன்றை மூன்று பேர் மணந்து பார்த்தார்களாம்.
தைம், என்றாளாம். மருந்தோ? இல்லை, சமையலுக்கு.
நாலாவது ஆள் நாயோடு வந்தானாம்.
நாய் தும்மியது, விட்டுவிட்டார்கள்.

இப்படித்தான் என் தம்பி தவனேசனின் மனைவி
மிர்லாந்,
மொன்றியலில் பிறந்த ஹெயிட்டிக்காரி,
மார்கழிச் சேறு முழங்கால்வரை அப்பியிருக்க
எங்கள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
வந்ததும் கேட்டது: பூசணிக்காய் இருக்கா?

பூசணிக்கா பஞ்சம்?
முத்தையன்கட்டிலிருந்து லொறி லொறியாய்த் தம்புள்ளைக்குப் போகிறது.
விலை விழுந்த கிழமை மாட்டுக்குப் போடுவோம்.
வெள்ளையாய் நீறு பூத்ததை
நாவூறு கழித்துச் சந்தியில் உடைப்போம்.
இதைத் தேடியா கடல் தாண்டி வந்தாய் என்று
கேட்க எனக்குப் பிரெஞ்சு தெரியாது.

இறைச்சி? மாடு, என்றாள்.
என் மனுசன் மற்ற எல்லாம் தின்பார்,
மாட்டில் மட்டும் சைவம்.
தவனேசன் நிலத்தைப் பார்த்தான்.
பக்கத்து வளவுச் செவரின்தான்
நீராவிப்பிட்டிக்குப் போய் வாங்கிவந்தாள்.
அவளுடைய சட்டி, அவளுடைய அகப்பை,
வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று கல்.
இந்தப் பக்கம் நின்று நான் கிழங்கு சீவிக் கொடுத்தேன்.
கோவா, கரட், ஒரு முள்ளங்கி,
உடையாமல் மிதக்கவேண்டிய ஒரு கொச்சிக்காய்,
கடைசியில், கடவுளே, மக்கரோனி.
இதுவும் உங்கள் பூட்டன்மார் போட்டதோ?
தம்பி கேட்டுச் சொன்னான்:
பசித்த சனம் கண்டதெல்லாம் போடுமாம்.

பூசணி கரைந்து மஞ்சளாய்க் கொதிக்கையில்
கதையையும் அவன்தான் சொன்னான்.
அடிமைகள் நட்டார்கள், ஆய்ந்தார்கள்,
மசித்தார்கள், பரிமாறினார்கள்.
குடித்தது துரைமார்.
கோப்பை விளிம்பை நக்கவும் விடவில்லை.
வென்ற அன்று எல்லாரும் அதைக் குடித்தார்கள்.
அது ஜனவரி முதலாந் திகதி.
இருநூறு வருஷத்துக்கு மேல்
ஒவ்வொரு ஜனவரியும் இந்தச் சூப்.
சொல்லி முடிக்க அவனுக்குத் தொண்டை அடைத்தது.
புகை, என்றான்.

குடிக்க முதல் அவள்
தம்பியின் சாராயப் போத்தலை எடுத்து
முற்றத்தில் மூன்று தரம் கொஞ்சம் கொஞ்சமாய் ஊற்றினாள்.
அவர்களுடைய ஊரில் கிளெரின் என்ற கரும்புச் சாராயமாம்,
முதல் வாய் செத்தவர்களுக்காம்.
என் மனுசன் 'ஐயோ, சிந்துது' என்று ஓடிவந்து
பாதியில் நின்றுவிட்டார்.
திரும்பக் குடியேறிய வருஷம்
கிணறு வெட்டும்போது அந்த இடத்தில்
நாங்கள் எடுத்ததை அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

சூப் எப்படி என்று கேட்டால்,
இனிப்பு, பிறகு உறைப்பு,
பிறகு அந்தத் தழையின் வாசம், காய்ந்த துளசிக்குக் கிட்ட.
எனக்குச் செவரின் இறைச்சி போடாமல் வேறாய் வார்த்தாள்.
அவர் வேலிக்கு அந்தப் பக்கம் போய்
என்ன குடித்தார் என்று நான் கேட்கவில்லை.

வைகாசியில் வாட்ஸப்பில் வந்தாள்.
சந்தியில் நாங்கள் வரிசையில் நின்று
சிரட்டையில் கஞ்சி வாங்கிய படத்தைப் பார்த்தாளாம்.
மூன்று மாதம் படித்த தமிழில் கேட்டாள்:
மச்சாள், நானும் காய்ச்சவேணும்.
அரிசி எத்தனை கோப்பை, தண்ணி எத்தனை கோப்பை?

ஜூமுவுக்கு அவள் எழுதித் தந்த தாள்
குசினிக் கதவில் ஒட்டியிருக்கிறது.
இரண்டு பக்கம். கிராம்பு ஆறு என்பதுவரைக்கும்.

அரிசி ஒரு சுண்டு, என்றேன்.
தண்ணி?
ஆக்களைப் பார்த்து.
எத்தனை ஆக்கள்?

மொன்றியலில் ஏதோ வாகனம் போனது.
இங்கே மோட்டர் இறைத்துக்கொண்டிருந்தது.
நேரமாய்ப் போய்
உப்பு? என்றாள், மெதுவாக.

இருந்தால், என்றேன்.